மாடி ஏறாத பெரியம்மாவுக்கு

தும்யாத்,
பிப்ரவரி கடைசிச் செவ்வாய்.

அன்பும் மரியாதையும் அதற்குச் சமமாகப் பயமும் சேர்த்து, என் சுஹைர் பெரியம்மாவுக்கு, உங்கள் தங்கை மாக்தாவின் மகள் ரிஹாம் எழுதும் சலாம். உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் அல்லாஹ் குறையில்லாத உடம்பைக் கொடுக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். அம்மாவும் நலம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். என்ன செய்வது? நீங்கள் குளிர்சாதனப் பெட்டி பரிசாக வென்றுவிட்டதாகப் போன ஈத் சமயத்தில் நான் அனுப்பிய செய்தியை நம்பிக் கடை வரைக்கும் போய்விட்டு வந்தீர்கள். அன்றே என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். எனக்கு எதிராக நீங்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசி அது. அம்மாவோ ஜனவரியில் உங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். வேறு யாருடைய போனிலிருந்து கூப்பிட்டாலும், என் குரலைக் கேட்டதும் இது என்ன புதுப் பொய்யோ என்றுதான் நினைப்பீர்கள். அதனால் காகிதம். இதை அலெக்சாந்திரியா மைக்ரோபஸ் ஓட்டும் ஷவ்கி மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பெட்டி முஷப்பக் இனிப்பு. பாகு சொட்டும், பெட்டியைச் சாய்க்காதீர்கள். நீங்கள் கோபப்பட ஆரம்பிக்கும்போது வாயில் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் திட்டம்.

முதல் முஷப்பக்கை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிறு மாலை உங்களுக்கு ஒரு பெண் போன் செய்தாள். சுகாதாரக் கணக்கெடுப்பு, திருமதி ஸாஹிரா பேசுகிறேன் என்று மூக்கால் பேசினாள். அந்தத் திருமதிக்கு இன்னும் பதினைந்து வயது முடியவில்லை. பள்ளித் தோழியின் போனில் பேசினாள். ஆம், நான்தான்.

அது நல்ல எண்ணத்தில் செய்த குறும்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம். உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டு, நீங்கள் இல்லை என்று சொன்னதும், அப்படியானால் சந்தேகத்துக்குரிய குடும்பம் என்று சொல்லி, சளிப் பரிசோதனைக்காக வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆளுக்கொரு ஊறுகாய் ஜாடியைக் கழுவி எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கச் சொல்வதாக இருந்தேன். பெரியப்பாவையும்தான். அவருடைய ஜாடிக்கு மூடி கட்டாயம் என்றுகூட எழுதி வைத்திருந்தேன்.

ஏன் அவ்வளவு கோபம் என்று தெரிய வேண்டுமானால், ஜனவரியில் நீங்கள் வந்த வியாழக்கிழமை நடந்ததை எங்கள் பால்கனியிலிருந்து பார்க்க வேண்டும். நீங்கள் கீழே நின்றீர்கள். மேலே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. சிவப்பு ஓநாய் என்று ஒரு நோய்க்கு யார்தான் பெயர் வைத்தார்களோ. ஆறு வருடமாக வீட்டில் ஓநாய் வளர்க்கிறோம், இன்னும் அது எங்களோடு பழகவில்லை. அந்த முறை அது சிறுநீரகத்தைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாளும் அம்மாவோடு படுத்திருந்தவர் நீங்கள்தான். டாக்டர் நெர்மீன் ஊசியைப் போட்டுவிட்டுச் சொன்னதையும் நீங்கள்தான் கேட்டீர்கள். அம்மாவின் உடம்பில் இருக்கும் காவல்காரர்கள் சொந்த வீட்டையே அடித்து உடைக்கிறார்கள், அவர்களைத் தூங்க வைக்கத்தான் இந்த மருந்து, அவர்கள் தூங்கும்போது சாதாரணச் சளிகூட நெஞ்சுக்குள் இறங்கிவிடும், ஒரு மாதத்துக்கு யாரையும் அருகில் விடாதீர்கள் என்றார். அப்பா தலையாட்டினார். ஆனால் நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் யார்? அப்பா தன் கையால் தங்கப் பூச்சுப் பூசிய வரவேற்பறை நாற்காலிகள் பன்னிரண்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பழச்சாறு அட்டைப்பெட்டிகள் கூரை தொட்டன. வந்தவர் எல்லோரும் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். அம்மாவும் மறுக்கவில்லை. அவருக்கு ஒரே கவலை, எல்லோரும் வருகிறார்கள், அக்கா ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்பது.

அந்த வியாழக்கிழமைதான் நீங்கள் வந்தீர்கள். தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். நீங்கள் தலைத்துணியின் நுனியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றீர்கள். கையில் துண்டு சுற்றிய பாத்திரம்.

"மாக்தா, கூடைய இறக்கு."

"கூடையா? கூடையில நீயா ஏறி வரப்போற? மேல வாக்கா."

"நேரமில்ல. பஸ்ஸு கெளம்பிடும்."

"மூணு மணி நேரம் வந்தவளுக்கு மூணு மாடி ஏற நேரமில்லையா?"

அதற்கு நீங்கள் சொன்ன பதிலைத் தெருவே கேட்டது. "இல்ல. உன் வீட்டு மாடி ஏற எனக்கு நேரமில்ல. இறக்குறியா, இங்கியே வச்சிட்டுப் போவட்டா?"

நான்தான் கயிற்றில் கட்டிய கூடையைப் பால்கனியிலிருந்து இறக்கினேன். பாத்திரத்தை வைத்தீர்கள், திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள். காபிக் கடையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் மாடிக்காரி உம் அஷ்ரஃப் தன் பால்கனியிலிருந்து தலையை நீட்டி, அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாளே, ஓநாய் தன்மேல் பாய்ந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது என்றாள். அம்மா உள்ளே வந்து படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்து உங்கள் எண்ணைத் தேடினார். கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தடுத்தார்.

பாத்திரத்தில் வெங்காயம் அடைத்த வாத்து. அம்மாவுக்கு உயிர். ஆனால் அம்மா அதைத் தொடவில்லை, மூடியைக்கூடத் திறக்கவில்லை, துண்டைப் பார்க்கவே இல்லை. இதை மறக்காமல் மனதில் வையுங்கள் பெரியம்மா, ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். வாத்து முழுவதையும் நானும் தம்பி தாமரும் மொட்டை மாடியில் வைத்துத் தின்று தீர்த்தோம். உங்கள்மேல் கோபமாகத்தான் தின்றோம், ஆனால் எலும்புவரை தின்றோம்.

இப்போது திருமதி ஸாஹிராவிடம் வருகிறேன். போன இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி, நெஞ்சு நோய் உண்டா என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்வீர்கள், ஜாடிப் பகுதிக்குப் போகலாம் என்று காத்திருந்தாள். நீங்கள் அழ ஆரம்பித்தீர்கள்.

முன்பின் தெரியாத ஒரு அரசாங்கக்காரியிடம் இவ்வளவு சொல்வார்களா பெரியம்மா? வாத்தைச் சமைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபோது நன்றாகத்தான் இருந்தீர்கள், பாதி வழியில் தொண்டை கரகரத்தது, ஊர் வந்து இறங்கும்போது கண் எரிந்தது என்றீர்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தீர்கள், வாத்தையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தீர்கள். மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது, மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் இன்ஃப்ளூயன்சா என்று வந்தது. அப்படியானால் தங்கையிடம் அதைச் சொல்லியிருக்கலாமே அம்மா என்று ஸாஹிரா கேட்டாள். அந்த இடத்தில் அவளுக்கு மூக்குக் குரல் கொஞ்சம் நழுவியது, நல்ல வேளை நீங்கள் கவனிக்கவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கு எந் தங்கச்சியத் தெரியாதும்மா. தொண்ட சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னேன்னு வச்சுக்கோ, ஐயோ எங்கக்காவுக்கு ஒடம்பு முடியலன்னு மூணு மாடியும் எறங்கி ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்குவா. இழுத்துட்டுப் போயி அவ கட்டில்லயே படுக்க வச்சிருவா. அவளக் கோவப்படுத்தினாத்தான் மேலயே நிப்பா. அதான் அப்படிப் பேசினேன். பேசாட்டிப் போறா, மூச்சு விட்டுட்டு இருந்தாப் போதும்."

பிறகு எண்களைச் சொன்னீர்கள். அதன்பின் அம்மா மூச்சுத் திணறி நெஞ்சு ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் தினமும் நாலு மணிக்கு நர்ஸுக்குப் போன் செய்து ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, எண்பத்தாறு, அந்த எண்பத்தாறிலேயே இரண்டு நாள், பிறகு எண்பத்தொன்பது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தீர்கள். அந்த நர்ஸ் தினமும் நாலு மணிக்கு உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொண்டு வெளியே போவதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டால் உறவுக்காரர் ஒருவர் கேட்கிறார் என்பாள். எண்பத்தாறு வந்த அன்று அம்மாவின் நகம் நீலமாக இருந்தது. நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலெக்சாந்திரியாவிலிருந்து நீங்களும் அதே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக நீங்கள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் துண்டில் நீங்கள் இருமியிருப்பீர்கள், வாத்தோடு சேர்த்துக் காய்ச்சலையும் கட்டி அனுப்பிவிட்டீர்கள், மாக்தாவை அந்த நிலைக்குக் கொண்டு போனது நீங்கள்தான், அதனால்தான் இனி அவள் முகத்தில் விழிக்கப் போவதில்லை என்றீர்கள். இதைக் கேட்டதும் திருமதி ஸாஹிரா போனை வைத்துவிட்டாள். நன்றி சொல்லவில்லை. அரசாங்கக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நீங்கள் திட்டியிருப்பீர்கள். இந்த ஒரு முறை அவர்கள்மேல் தப்பில்லை. அந்த நன்றிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெரியம்மா, கேளுங்கள். அது நீங்கள் இல்லை. சத்தியமாக நீங்கள் இல்லை. துண்டை அம்மா தொடவில்லை என்று மேலே எழுதினேன். அது போதாது என்றால் ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிறது. அம்மாவின் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். வந்தது இன்ஃப்ளூயன்சா இல்லை, முழ நீளப் பெயருள்ள வேறொரு கிருமி. அது சின்னக் குழந்தைகளிடம் சுற்றுகிற சளி, பெரியவர்களுக்கு வந்தால் நாலு நாள் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துவிடுவார்கள், இவர் காவலைத் தூங்க வைத்திருந்ததால்தான் நுரையீரலில் இறங்கிவிட்டது என்று டாக்டர் நெர்மீன் அப்பாவிடம் சொன்னார். வீட்டில் குழந்தை ஏதும் உண்டா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

இனி நான் சொல்லப் போவது முஷப்பக்கால் தீராது.

நீங்கள் வந்துபோன வியாழனிலிருந்து ஞாயிறு வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, சுவரைவிட்டுத் திரும்பவில்லை. யாராலும் சிரிக்க வைக்க முடியவில்லை. வீட்டில் அந்த வேலை என்னுடையது, தெரியுமே. உம் அஷ்ரஃபின் பேரன் யாசீனுக்கு ஒன்றரை வயது. அவனைத் தூக்கி வந்து, கண்மையால் பெரிய மீசை வரைந்து, அப்பாவின் தொப்பியை மாட்டி, வரிவசூல் அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார், பழச்சாற்றுக்குக் கணக்குக் காட்டு என்று சொல்லி அம்மாவின் மடியில் உட்கார வைத்தேன். அவனுக்கு மூக்கு ஒழுகியது. பார்த்தேன். மீசை கலையாமல் என் சட்டையால் துடைத்தேன். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை பெரியம்மா, ஆனால் அவர் சொன்னது பெரிய பெரிய நோய்களைப் பற்றி என்று நினைத்தேன், ஒரு குழந்தையின் மூக்கைப் பற்றி என்று நினைக்கவில்லை. அம்மா சிரித்தார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அவனை அள்ளி முத்தம் கொடுத்தார். அவன் அம்மாவின் முகத்துக்கு நேராகத் தும்மினான். அதற்கும் எல்லோரும் சிரித்தோம். நான் படம்கூட எடுத்தேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் ஆம்புலன்ஸ்.

இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா மூச்சு விடச் சிரமப்பட்ட பதினேழு நாளும் நான் இந்த விஷயத்தில் மூச்சு விடாமல் இருந்தேன். உங்கள்மேல் அவ்வளவு கோபப்பட்டதும் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். கோபப்பட ஒருவர் தேவைப்பட்டது. நீங்கள் வசதியாகத் தூரத்தில் இருந்தீர்கள்.

அதனால்தான் நன்றி சொல்கிறேன். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைப் பாசத்தால் முத்தமிட்டார்கள், நானும் பாசத்தால்தான் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தேன். எங்கள் யாருக்கும் தள்ளி நிற்கத் தெரியவில்லை. உங்கள் காய்ச்சலும் அந்த வாரம் அம்மாவுக்குள் போயிருந்தால் இன்று நான் வேறு மாதிரி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். தெருவே பார்க்கக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு, அதே பஸ்ஸில் காய்ச்சலோடு மூன்று மணி நேரம் திரும்பிப் போனீர்கள். நீங்கள் அருகில் வராததற்கு நன்றி. மாடி ஏறாததற்கு நன்றி. மூக்கைப் பொத்தியதற்கு நன்றி. வாத்துக்கும் நன்றி, உப்பு கொஞ்சம் கூடத்தான்.

உங்களுக்குப் போன் செய்த ஞாயிறு இரவே எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் உங்கள் கதை, பிறகு யாசீன். உங்கள் கதையைக் கேட்டு முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எறங்கித்தான் ஓடியிருப்பேன். செருப்புகூடப் போட்டிருக்க மாட்டேன். அவளுக்கு என்னையத் தெரியும்."

அதற்குப் பிறகு நிறைய அழுதார், அது நல்ல அழுகை, ஆக்ஸிஜன் எண் இறங்கவில்லை. நான் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாசீன் விஷயத்தையும் சொல்லி முடித்தேன். அம்மா என் தலையைத் தன் பக்கம் இழுத்தார். நான் முகமூடியோடு இருந்தேன், பயப்படாதீர்கள்.

"அவனுக்கு மீச நல்லாத்தான்டி இருந்துச்சு," என்றார். எனக்கு ரிஹாம் என்று தூறலின் பெயரை வைத்தும் கல்மழையாக வந்து விழுந்தேனே என்று எப்போதும் சொல்வார். அன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுச் செய்திகள்: அப்பா வரவேற்பறை நாற்காலிகளைத் துணி போட்டு மூடிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் மாடிப்படி முடியும் இடத்தில் போட்டிருக்கிறார். பார்க்க வருகிறவர் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். உம் அஷ்ரஃபிடம் நானே போய் உங்கள் கதையைச் சொன்னேன். வெட்கத்தில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்போது இரண்டாம் மாடியில் அவள்தான் சுங்கச் சாவடி. ஏறுகிறவரை எல்லாம் நிறுத்தி, இருமிக் காட்டு என்கிறாள். தபால்காரர்கூட இருமிக் காட்டிவிட்டுத்தான் ஏறினார். காபிக் கடைக்கும் அவளே செய்தி சொல்லிவிட்டாள், அதனால் உங்கள் பெயர் தெருவில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கொஞ்சம் மேலேயே என்று சொல்லலாம். அம்மாவுக்கு மருந்தின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டோம். தாமர் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தான், அவன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர், முகமூடியோடு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவின் அறைக்குள் போய் உட்காரலாம் என்று டாக்டர் நெர்மீன் சொல்லியிருக்கிறார். யார் அந்த ஒருவர் என்று அப்பா கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பதில் கேட்காமலே எழுந்து போய்விட்டார்.

அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, உங்கள் எண்ணின் தடையைத் தானே எடுத்துவிட்டார். என்னை எடுக்க விடவில்லை. ஆனால் கூப்பிடத் தயங்குகிறார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையாம். நீங்களே கூப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுங்கள், அந்த நேரத்தில் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நீங்கள் அழுங்கள், அவரும் அழட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவால் இன்னும் நாலைந்து வார்த்தைக்குமேல் ஒரே மூச்சில் பேச முடியாது. பேசுவார், நிறுத்துவார். போனில் ஒன்றும் கேட்காது. கோபமோ என்று நினைக்காதீர்கள், இணைப்பு போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள், அந்த இடத்தை உங்கள் பேச்சால் நிரப்பவும் வேண்டாம். காதோடு வைத்துக்கொண்டு காத்திருங்கள் பெரியம்மா. அம்மா மூச்சு எடுத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் ஆயுளை அல்லாஹ் நீட்டித் தரட்டும், அதில் ஒரு நாள்கூட எங்களைவிட்டு விலகி நிற்க வேண்டாதபடி தரட்டும்.

உங்கள் கையை முத்தமிடும், தூரத்திலிருந்து மட்டும் முத்தமிடும்,
ரிஹாம்